திருகோணமலைக்குப் போகாத கப்பல்

மாலை ஆறு மணிக்குப் புறப்படும் கப்பலுக்கு நாங்கள் காலை ஆறு மணிக்கே திண்டிவனத்தை விட்டுக் கிளம்பிவிட்டோம். சென்னைத் துறைமுகம் நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர்தான், நிதானமாகப் போனாலும் மூன்று மணி நேரம் போதும். ஆனால் இருபத்திரண்டு வருஷம் சுற்றுலாப் பேருந்துகளில் ஊர் ஊராகப் போய்வந்த எங்களுக்கு, சொன்ன நேரத்துக்குப் போவது என்றாலே தாமதமாகப் போவதுதான். ஒன்பதே காலுக்கு வாசலில் நின்றோம். காவலாளி எங்களையும் எங்கள் பெட்டிகளையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“மதியம் ஒரு மணிக்குத்தாம்மா கேட்டு தொறப்பாங்க.”

“பரவால்லப்பா. நெழல்ல குந்திக்கினு இருக்கிறோம்” என்றார் அண்ணி. பெட்டி மேலேயே உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த பொடி தடவிய இட்லியைச் சாப்பிட்டோம். உள்ளதைச் சொன்னால், இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த சாப்பாடு அதுதான்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா, புஷ்பா. விழுப்புரத்தில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு. நான் தபால் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவள். என் வீட்டுக்காரருக்கு வெளியூர்ப் பயணம் என்றாலே ஆகாது, அதனால் நாத்தனாரும் நானும் கூட்டு சேர்ந்துவிட்டோம். காசி மூன்று முறை, துவாரகை, நேபாளம், ஒரு முறை மலேசியா. ஊரில் மாமியார் மருமகள் சண்டை தீர்க்க எங்களை உதாரணம் காட்டுவார்கள். நாங்கள் சண்டை போடுவோம், பேருந்து கிளம்பியதும் மறந்துவிடுவோம், அவ்வளவுதான்.

கப்பலுக்கு ஏன் வந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மலைக்கோயிலில் தரிசனம் முடிந்து, பேருந்தில் முன்சீட்டுப் பிடிக்க நான் கிடுகிடுவென்று படியிறங்கி ஓடினேன். பின்னால் வேகமாக வந்த அண்ணி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன் செந்தில் மூன்று மாதம் விடுப்பு எடுத்து, அம்மாவைக் குளிப்பாட்டுவது முதல் எல்லாம் செய்தான். தேறியதும், “இனிமே படி ஏற மாட்டேன்னு சத்தியம் பண்ணும்மா” என்று அழுதான். அண்ணியும் சத்தியம் செய்து கொடுத்தார். ஒரு முன்சீட்டுக்காக ஓடியவள் நான்தான், அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

இந்தக் கப்பல் யோசனையும் செந்திலுடையதுதான். தங்கும் அறையே ஊர் ஊராகப் போகும், படியே கிடையாது, எல்லாம் லிஃப்ட். மூன்று இரவு, ஆளுக்கு முப்பத்தெட்டாயிரம் ரூபாய், அவனே கட்டினான். நடுவில் ஒரு நாள் திருகோணமலையில் இறங்கி திருக்கோணேஸ்வரம் பார்க்கலாம், வண்டி கோயில் கிட்டேயே போகும் என்று விசாரித்தும் வைத்திருந்தான். இது ஒத்துவந்தால் வருஷத்துக்கு ஒரு கப்பல். ஒத்துவராவிட்டால் அண்ணிக்கு வீடுதான். இது மூவருக்குமே தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாலை ஆறரைக்குக் கப்பல் நகர்ந்தது. எங்கள் அறை ஏழாவது தளத்தில். வெள்ளை விரிப்பு, குளிரூட்டி, சுவரளவு கண்ணாடி, அதற்கு வெளியே கடல். அண்ணி கண்ணாடியின் நான்கு ஓரத்தையும் தடவிப் பார்த்தார்.

“இது தொறக்காதா வசந்தா?”

“தொறக்காது போலருக்குது அண்ணி.”

“அப்ப இதுக்கு டிவியே போதுமே.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் முழுவதும் கடல்தான். குறை சொல்ல வேண்டும் என்று வரவில்லை, பணிவிடையில் ஒரு குறையும் இல்லை. காலை உணவுக்கு வரிசையில் நாற்பது நிமிடம் நின்றோம், சாம்பார் இனித்தது, பால் காபி தனிக் காசு, இருநூற்று எண்பது ரூபாய். இதைவிட மோசமான சாம்பாரை எத்தனையோ சத்திரத்தில் சாப்பிட்டிருக்கிறோம். மனசு ஒட்டாததற்குக் காரணம் வேறு. சுற்றுலாப் பேருந்தில் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் நாற்பது பேரின் பெயரும் தெரிந்துவிடும், யார் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், யாருக்கு சர்க்கரை என்பதும் தெரிந்துவிடும். இங்கே இரண்டாயிரம் பேர். எதிரே வருகிறவரைப் பார்த்துச் சிரித்தால் அவர் திரும்பித் தன் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிறார். வழி கேட்கலாம் என்றால் சுவரெல்லாம் அம்புக்குறி.

மாலை செந்தில் வீடியோ அழைப்பில் வந்தான். அதற்கான இணையத்துக்கும் அவனே கட்டியிருந்தான்.

“எப்டிம்மா இருக்குது?”

“சூப்பர்டா கண்ணு. ராஜா வூடு மாதிரி இருக்குது” என்றார் அண்ணி. நானும் பக்கத்தில் தலையை நீட்டி, “சூப்பர் செந்திலு” என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. போனை வைத்த பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் திருகோணமலை. ஏழு மணிக்குத்தான் இறங்க விடுவார்கள் என்று அறிவித்திருந்தார்கள். நாங்கள் நாலரைக்கு எழுந்து, குளித்து, விபூதி பூசி, ஐந்து மணிக்கு மேல்தளத்துக்குப் போய் நல்ல இடமாகப் பார்த்து நான்கு நாற்காலிகளில் துண்டு போட்டோம். இரண்டு பேருக்கு ஏன் நான்கு நாற்காலி என்று கேட்காதீர்கள். கோயில் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது உட்கார இடம் வேண்டும் அல்லவா? பிறகு லிஃப்டில் மூன்றாம் தளத்துக்கு இறங்கி, வெளியேறும் கதவுக்கு எதிரே முதல் ஆட்களாக நின்றோம். அண்ணி ஊன்றுகோலோடு கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நின்றார். உட்காரச் சொன்னால், “எடம் போயிடும்” என்றார்.

ஏழே காலுக்கு அறிவிப்பு வந்தது. கடல் நிலை சரியில்லாததால் துறைமுகத்துக்குள் போகவில்லை, கப்பல் இப்படியே திரும்புகிறது. முதலில் ஆங்கிலம், பிறகு இந்தி. இரண்டாவது முறை கேட்கும் வரை அண்ணி நகரவில்லை. எங்கள் பின்னால் கூச்சல் கிளம்பிவிட்டது, பணத்தைத் திருப்பிக் கொடு, எல்லாம் ஏமாற்று வேலை என்று. எனக்கும் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது.

மேல்தளத்துக்குப் போனால் எங்கள் துண்டுகளைக் காணோம். நாற்காலிகளில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். ஆளில்லாமல் அரை மணிக்கு மேல் கிடக்கும் பொருளை எடுத்துவிடுவார்கள் என்று சுவரில் எழுதியிருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. கோயிலும் போய், துண்டும் போய் நின்றபோது, சீருடை போட்ட ஒருவர் நான்கு துண்டையும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும்.

“இது உங்களுதுதானம்மா? பாத்தவொடனே தெரிஞ்சுபோச்சு, சேர்ல துண்டு போட்டு எடம் புடிச்சா அது நம்ம ஊரு ஆளுங்கதான்னு. எந்த ஊரு?”

“திண்டிவனம்” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

பெயர் தேசிங்கு. மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். பரம்பரையாகக் கடலில் மீன் பிடித்தவர், இப்போது கப்பலில் தளம் கழுவும் வேலை. மூன்று நாளில் எங்களை எந்த ஊர் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். அண்ணி அவரிடம் நேராகவே கேட்டார்.

“நெஜமாவே காத்து அதிகமா, இல்ல சும்மா சொல்றாங்களா?”

தேசிங்கு கடலைப் பார்த்தார். “நெஜந்தாம்மா. இந்தத் தண்ணியில நானா இருந்தா போட்டே எறக்க மாட்டேன். இவங்க மேல தப்பு இல்ல.”

அதற்குப் பிறகு யார்மேல் கோபப்படுவது? மேற்கே நீலமாக ஒரு கோடு தெரிந்தது. அதில் சின்ன மேடு ஒன்றைக் காட்டி, “கோயிலு அங்கதான் வரும்” என்றார். அண்ணி ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டுக் கைகூப்பினார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“திரும்பறப்ப உங்க ஊரத் தாண்டித்தான போவோம்? அப்ப சொல்லுங்க, பாக்கலாம்” என்றார் அண்ணி, சமாளித்துக்கொண்டு.

“எங்கேம்மா தெரியுது! கரைய வுட்டு ரொம்ப தள்ளிப் போறாங்க. ஆறு மாசமா எங்க ஊருக்கு எதிர்லயே போய்க்கினும் வந்துக்கினும் கீறேன். ஒரு வாட்டி கூட ஊரக் கண்ணால பாக்கல.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வேலை இருக்கிறது என்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை அறையில் நான் அண்ணியிடம் சொன்னேன். “செந்திலுகிட்ட நல்லா இருந்துச்சுன்னே சொல்லிடுங்க அண்ணி. அடுத்த வருஷம் கோவாவுக்குக் கப்பல் பாத்துக்கினு இருக்கிறான். இதையும் வாணாம்னு சொல்லிட்டா அப்புறம் ஒண்ணுமே இல்லாமப் போயிடும்.”

அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் சொன்னது எனக்காகவும்தான். அவர் இல்லாமல் நான் மட்டும் எங்கே போவேன்?

நான்காம் நாள் காலை பதினொன்றரைக்குச் சென்னையில் இறங்கினோம். செந்தில் ஏற்பாடு செய்திருந்த கார் காத்திருந்தது, விழுப்புரம் வரை நாலாயிரத்து இருநூறு ரூபாய். ஓட்டுநர் குமார் வளவனூர்க்காரர். அண்ணியை அவர் வீட்டில் விட்டுவிட்டு மறுநாள் திண்டிவனம் திரும்பலாம் என்று நானும் கூடவே போனேன். திண்டிவனம் தாண்டி மூன்று மணிக்குக் கூட்டேரிப்பட்டு வந்ததும், “தம்பி, டீ குடிக்கலாம். நிறுத்துப்பா” என்றார்.

டீ பதினைந்து ரூபாய். கடைக்காரர் எந்த ஊர், எங்கே போய்விட்டு வருகிறீர்கள், இடுப்புக்கு என்ன ஆச்சு என்று மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கேட்டார். பெஞ்சில் இருந்த ஒரு அம்மாள் மல்லாட்டைப் பொட்டலத்தை எங்கள் பக்கம் நீட்டினாள். அண்ணி எல்லோருக்கும் பதில் சொன்னார், வேர்க்கடலை உரித்தார், டீயை உறிஞ்சிக் குடித்தார். நான்கு நாளில் அவர் முகத்தை அப்படி நான் பார்க்கவில்லை. பாதி டீயில் போனை எடுத்துச் செந்திலைக் கூப்பிட்டார்.

“கண்ணு, கூட்டேரிப்பட்டுல இருக்கிறேன். உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்டா. கப்பலு நல்லாதான் இருந்துது, நீ பண்ணதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா மூணு நாளு போனேன், ஒரு ஊரும் வரலடா.”

நான் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டேன்.

“பஸ்ஸுல போவணும்னுதான் இருக்குது எனக்கு” என்றார் அண்ணி. “நீ பட்ட கஷ்டம் தெரியும். நீ வாணாம்னா போவல. ஆனா கப்பலுக்கு இனிமே காசு கட்டாத.”

அப்போது விழுப்புரம் போகும் அரசுப் பேருந்து வந்து நின்றது. கண்டக்டர் வாசலில் தொங்கியபடி, “விழுப்புரம் ஏறு, விழுப்புரம் ஏறு! ஜல்தி வாங்க” என்று கூவினார். அண்ணி பேருந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குமார் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “பொட்டிங்க கார்லயே இருக்கட்டும்மா. நான் பின்னாலயே வர்றேன்” என்றார்.

போனை அணைக்காமல் சட்டைப் பையில் வைப்பதுபோல ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு அண்ணி நடந்தார். நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். அவர் ஒரு கையில் கம்பி, ஒரு கையில் ஊன்றுகோலோடு படியேறினார். கண்டக்டர் கத்துவதை நிறுத்திவிட்டுக் கை கொடுத்தார். முழுசாக ஒரு நிமிடம் ஆகியிருக்கும், ஒரு பயணியும் முணுமுணுக்கவில்லை. ஜன்னலோரம் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்ததும் அண்ணி போனை வெளியே எடுத்தார். செந்தில் இன்னும் இணைப்பில்தான் இருந்தான்.

“அம்மா, இன்னா பண்ற? எத்தன படிம்மா?” குரல் உடைந்திருந்தது.

“மூணுடா கண்ணு” என்றார் அண்ணி, மூச்சு வாங்கிக்கொண்டே. “ஏறிட்டேன்.”

பேருந்து கிளம்பியது. பிறகு செந்தில் மெதுவாகச் சொன்னான்: “அடுத்த வாட்டி எங்க போனாலும், மொதல்ல எத்தன படின்னு கேட்டுட்டுப் போம்மா.”