நூல் போட்ட முகவாய்

‘சிகிச்சைக்கு முந்தைய ஆறு வாரங்களில் முடியை வேரோடு பிடுங்கக் கூடாது. நூல் போடுவது, மெழுகு வைத்து இழுப்பது இரண்டும் கூடாது. பிளேடால் மழிக்கலாம்.’ லேசர் மருத்துவமனை கொடுத்த தாளில் இது ஐந்தாவது விதி. காரணமும் அதிலேயே இருந்தது: லேசர் ஒளி முடியின் கருமை வழியாக இறங்கித்தான் வேரைச் சுடும், வெறும் குழியில் அதற்கு வேலை இல்லை. துறைமுக அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் விதிகளோடு குடித்தனம் நடத்திய நான், அதை மூன்று முறை படித்துக் கையெழுத்திட்டு, நகல் வாங்கிக் கோப்பில் வைத்தேன். வீட்டில் உரக்க வாசித்தும் காட்டினேன். ஐந்தாவது விதி வந்தபோது என் மனைவி குக்கரை இறக்கப் போயிருந்தாள். மகளும் அவள் கூடவே போயிருந்தாள்.

சிகிச்சை மகளுக்குத்தான். விம்கோ நகரில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. முகவாயில் முடி. ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் கோளாறு என்று தெரிந்து, அதற்கு மாத்திரை ஒருபுறம் நடந்தது. வகுப்பில் யாரோ கரும்பலகையில் தாடி வைத்த மிஸ்ஸை வரைந்துவிட்டார்கள். அன்றிலிருந்து துப்பட்டா முனையை முகவாயோடு பிடித்தபடியே பாடம் நடத்தினாள். பிப்ரவரியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஜூனில் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்றது பள்ளி.

முதல் முறை நானும் போனேன். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, முகவாயில் குளிர்ந்த பசை. ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டியது போல இருந்ததாம். அறையெங்கும் முன்னால் வந்துபோனவர்களின் மயிர் பொசுங்கிய நாற்றம். சிவப்பு சாயங்காலத்துக்குள் அடங்கியது. ஒரே நாளில் போகாது, மாதத்துக்கு ஒன்றாக ஆறேழு முறை வர வேண்டும், வெயில் ஆகாது என்றார் டாக்டர். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் வந்துபோகிறவளுக்கு வெயில் ஆகாதாம். “குடை பிடிங்க” என்றார்.

மூன்று முறை ஆயிற்று. முடி முதல் நாள் போலவே இருந்தது. காரணத்தைக் காலடிப்பேட்டை மார்க்கெட்டில் பியூட்டி பார்லர் அம்மாள் சொன்னாள்.

“இன்னா சார், உங்க பொண்ணு டாக்டராண்ட போறதுக்கு மொத நாளு எங்கையில நூல் போட்டுக்கினு போவுதே, அந்தாளு அங்க இன்னாத்த எடுக்கறாரு? நான்தான் மொத்தத்தையும் எடுத்துடறனே!”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். அவள் மறைக்கவே இல்லை.

“டாக்டர் முன்னாடி மொசமொசன்னு முடியோட போய் நிக்கச் சொல்றீங்களா? வூட்டுக்கு ஆள் வந்தா பெருக்கி வைக்க மாட்டோம்?”

“மழிக்கலாம்னு தாள்லயே இருக்கு.”

“பொம்பளப் புள்ள மூஞ்சில பிளேடா? அப்பால உங்கள மாதிரி தாடி வெச்சுக்கினு திரியட்டும்!”

பிளேடு பட்டு முடி தடிக்காது என்றேன். யார் கேட்டார்கள்?

மருத்துவமனையும் யோக்கியமில்லை. ஒவ்வொரு முறையும் நர்ஸ் கேட்டு நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. நேரில் போய் வாங்கிப் பார்த்தேன். ‘நூல் போட்டதுண்டா?’ என்ற கேள்விக்கு எதிரே மூன்று முறையும் ‘இல்லை’ என்று குறித்திருந்தார்கள். மகளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பாள். அவளுக்குப் பொய் வராது. அந்த மூன்று முறையையும் கணக்கில் சேர்க்காமல் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று பதிவுத் தபாலில் எழுதினேன். ஒப்புகை அட்டை மூன்றே நாளில் வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டல் இரண்டு அனுப்பினேன். தொலைபேசியில் ஒரே பாட்டு: “மேடம் பாத்துக்கிட்டு இருக்காங்க சார்.” மே மாதம் முழுக்க மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பள்ளி திறக்கும் நாள் காலை, குளியலறையிலிருந்து மகளின் குரல்.

“அப்பா, புது பிளேடு எங்க வெச்சிருக்கீங்க?”

எடுத்துக் கொடுத்தேன். கதவருகே வந்து நின்ற மனைவி அலறினாள். “இன்னாடி பண்றே!”

“அஞ்சாவது விதிம்மா. குக்கர் அப்புறம் இறக்கலாம், நில்லு.”

ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் குடை. துப்பட்டாவைப் பிடிக்க மூன்றாவது கை அவளுக்கு இல்லை. அப்படியே தெருவில் இறங்கிப் போனாள்.

மதியத் தபாலில் பதில். ‘ஐந்தாவது விதியைத் தாங்கள் படித்துக் கையெழுத்திட்டுள்ளீர்கள். எனினும் ஆறு வாரம் நூல் போடாமல், மழித்துக்கொண்டு வந்தால் முதலிலிருந்து தொடங்குகிறோம்.’ வழக்கப்படி மேல் மூலையில் பெற்ற நாளைக் குறித்தேன்: ஜூன் மாதம், பள்ளி திறந்த திங்கட்கிழமை.