இடது பக்கம் திரும்பிப் படுத்தால்

கட்டிலில் இடது பக்கம் திரும்பினால் வீடு சுற்றியது. அது என் மனைவி படுத்திருந்த பக்கம். வலது பக்கம் திரும்பினால் ஒன்றும் ஆகாது. அதனால் சில மாதங்களாகச் சுவரைப் பார்த்தபடியே படுத்துத் தோள் மரத்துப் போனதுதான் மிச்சம். பிறகு ஒரு காலை, குளியலறையில் தலை சுற்றி விழுந்து நெற்றி புடைத்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் அதைக் கைப்பேசித் திரையில் பார்த்துப் பயந்துபோனான். உள்காதைச் சோதித்துப் பார்க்கச் சொன்னான். அதில் ஏதாவது கோளாறு என்று வந்தால் நான் மலேசியாவில், உலு திராமில் இனித் தனியாக இருக்கக் கூடாது, சின்ன அறையைக் காலி செய்து தருகிறேன், கூட வந்துவிடுங்கள் என்றான்.

சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டி வந்து அந்தப் புறாக்கூண்டில் உட்கார எனக்கு என்ன தலையெழுத்து என்று முறுக்கிக்கொண்டேன். ஆனால் போனை வைத்த கையோடு, மனைவியின் படத்தை எந்தப் பையில் வைத்தால் கண்ணாடி உடையாமல் இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் போக ஆசை. அவள் போனதிலிருந்து இந்த வீட்டில் தொலைக்காட்சிதான் பேசுகிறது. வாய்விட்டுக் கேட்கத்தான் மனம் வரவில்லை. எனக்குப் பதிலாக அந்தச் சோதனை கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் சோதனை. முன்கூட்டியே தலைச்சுற்றல் மாத்திரையை நிறுத்த வேண்டும், வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, துணைக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்றார்கள். காதில் எண்ணெய் ஊற்றாதே என்று யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவன். அதுவும் காதைப் பார்க்கப் போகிறார்கள், அழுக்குக் காதோடு போய் நின்றால் நன்றாகவா இருக்கும்? நல்லெண்ணெயைச் சுடவைத்து இரண்டு காதிலும் தாராளமாக ஊற்றினேன்.

அவள் இருந்தபோது தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, சூட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுவாள். ஊற்றிவிட்டு அசையாதீங்க என்று அதட்டுவாள். இப்போது கரண்டியும் நானே, காதும் நானே. பாதி எண்ணெய் கழுத்துக்குப் போயிற்று. இடது காதை மேலே வைத்து ஊற்றியது சுலபமாகத்தான் இருந்தது. வலது காதுக்காக இடது பக்கம் சாய்ந்ததும் கூரை சுழன்றது. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினேன்.

சோதனை செய்தவள் ஒரு தமிழ்ப் பெண். என் மகள் வயது இருக்கும், எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அங்கிள், காதுல எண்ணெ ஊத்துனீங்களா?"

முந்தாநாள் சனிக்கிழமை ஆச்சே என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அவளுடைய அப்பாவும் இதே கேஸ்தானாம். எண்ணெயும் அழுக்கும் அடைத்திருந்தால் சோதனைக்காக உள்ளே விடும் தண்ணீர் சரியாகப் போய்ச் சேராது என்று சொல்லி, பக்கத்து அறைக்கு அனுப்பி உறிஞ்சி எடுக்கவைத்தாள். திரும்பி வந்ததும் துணைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். மகன் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறான் என்றேன். அந்த மருத்துவமனையில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அத்தனை கஷ்டம், அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, காலையில்தான் செய்தி அனுப்பியிருந்தான். நான் டாக்சியில் வந்திருந்தேன்.

கண்ணில் பெரிய கண்ணாடியை மாட்டினாள். அதற்குள் இருக்கும் கேமரா என் விழி அசைவதைத் திரையில் காட்டுமாம். ஓடும் ஒளிப்புள்ளியைத் தொடர்ந்து பார்க்கச் சொன்னாள். தலையை இடது பக்கம் திருப்பிச் சட்டென்று மல்லாத்தினாள், அறை பம்பரமாகச் சுற்றியது, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். கடைசியாகக் கண்ணாடியை இருட்டாக்கி, காதுக்குள் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டாள். படுத்த இடத்திலேயே வெள்ளம் எங்கோ அடித்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. மனம் தூங்கிவிட்டால் கண் சரியாக அசையாதாம், அதனால் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

"வீட்டுல இருக்கிறவங்க பேரெல்லாம் சொல்லுங்க அங்கிள்."

என் பேரைச் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல ஆள் இல்லை.

 அவள் வேறு எதுவும் கேட்காமல், ஊர்ப் பெயர் சொல்லச் சொன்னாள். ஸ்கூடாய், பெக்கான் நானாஸ், பொந்தியான் என்று என் மனைவியின் ஊருக்குப் போகும் வழியைச் சொல்லிக்கொண்டே போனேன். பொந்தியான் வந்ததும் மறுபடி அங்கிருந்து திரும்பி வந்தேன். அடுத்துக் குளிர்ந்த தண்ணீரை விட்டபோதும் அதே வழியைத்தான் சொன்னேன்.

எல்லாம் முடிந்து டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார். இரண்டு காதும் ஒன்றுபோல நன்றாக வேலை செய்கின்றன. இடது காதில் மட்டும், உள்ளே இருக்கும் பொடிக்கற்கள் இடம் மாறியிருக்கின்றன. அந்தப் பெண் என் தலையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கற்களை இருந்த இடத்துக்கே அனுப்பிவைத்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு அவள் டிஷ்யூ கொடுத்தாள்.

கீழே வந்து மகனைக் கூப்பிட்டேன். காதில் கோளாறு என்று பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை, டாக்டர் சொன்னதையே சொன்னேன்.

"நல்ல வேளப்பா, ரொம்பப் பயந்துட்டேன்" என்றான். "அப்ப நீங்க அங்கயே இருக்கலாம்லா. உங்களுக்கும் அதான புடிக்கும்."

"ஆமாப்பா, எனக்கும் அதான் புடிக்கும்" என்றேன்.

தலையை உயர்த்தி வைத்தே படுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாட்கள் கழிந்த பிறகு, ஒரு மதியம் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். கூரை இருந்த இடத்தில் இருந்தது. விசிறி மட்டும்தான் சுற்றியது. என் மனைவியின் தலையணையில் அவள் தலை பட்ட எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.