துணியில் இல்லாத ஓட்டை

எங்கள் வீட்டில் தலைவலி என்றால் அது அம்மாவின் தலைவலிதான். மற்றவர்களுக்கு வருவதெல்லாம் அதன் பக்கத்தில் நிற்கக்கூட லாயக்கில்லாதவை. அது வருகிற நாளில் அம்மா ஒரு கறுப்புத் துணிப் பட்டையை எடுத்து நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொள்வார். பனியன் கழுத்துக்கு வைத்துத் தைக்கும் துணியில் வெட்டியது போக மிஞ்சுகிற பட்டை அது. பட்டை நெற்றிக்கு ஏறிவிட்டால் ஜன்னல் சாத்த வேண்டும், டிவி வாயை மூட வேண்டும், யாரும் கடுகு தாளிக்கக் கூடாது. இடது பொட்டில் உலக்கை போடுகிற மாதிரி இடிக்கும் என்பார். பிறகு வாந்தி, பிறகு இருட்டறையில் தூக்கம். இந்த வரிசையில் ஒன்று குறைந்தாலும் அது தலைவலி இல்லை, சாக்கு. அப்பா எப்போதாவது தலையைப் பிடித்துக்கொண்டு வந்தால், "வாந்தி வந்துச்சுங்களா?" என்று அம்மா கேட்பார். இல்லை என்றால் அதோடு கேஸ் தள்ளுபடி. அப்பாவும் பேசாமல் ஷெட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார்.

பொங்கலூரில் வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட் போட்டு அப்பா பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, பல்லடத்தில் நிட்டிங் மிஷின் ஓட்டினார். நூலைத் துணியாக்குவது மாமா, துணியைப் பனியனாக்குவது அப்பா. நடுவில் நான் ஒருத்தி, ஐந்தாம் வகுப்பு. ஷெட்டில் ஒரு கண்ணாடி மேசை இருந்தது. அடியில் டியூப்லைட் எரியும். துணியை அதன்மேல் இழுத்துவிட்டால் ஊசி பின்னாமல் விட்ட இடம், ஓட்டை எல்லாம் வெளிச்சம் அடித்துக் காட்டிக்கொடுக்கும். அந்த மேசையில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. "கடுகளவு ஓட்டையா இருந்தாலும் எங்க அம்முணி கண்ணுக்குத் தப்பாதுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா பீற்றிக்கொள்வார். நானும் காதில் விழாத மாதிரி நின்று முழுசாகக் கேட்டுக்கொள்வேன்.

மாமாவுக்கு அப்போது பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். தேடித் தேடி அம்மாவுக்குச் செருப்பும் தேய்ந்தது, பொறுமையும் தேய்ந்தது. மாமா தங்கமான மனுஷர், கைத்தொழில் இருக்கிறது, ஆனாலும் ஒரு பேச்சு அவரைவிட முந்திக்கொண்டு ஓடியது. சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில், பட்டப்பகலில், பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர் ரச வாளியைக் கவிழ்த்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு நாக்குக் குழறி என்னமோ சொன்னார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு மூலையில் சுருண்டு படுத்துவிட்டார். போதாதா? தண்ணி போட்டுவிட்டுப் பந்திக்கு வந்தான் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அம்மா அழுதார். அப்பா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமா மட்டும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு மாதிரி சிரித்துவிட்டு மிஷின் ஓட்டப் போய்விட்டார்.

அந்தப் பேச்சு எட்டாத இடமாகப் பார்த்து, மூலனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் அமைந்தது. அம்மாவுக்கும் மாமாவுக்கும் பெற்றவர்கள் இல்லாததால் எங்கள் வீடுதான் மாப்பிள்ளை வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அம்மா விடியும்போதே எழுந்து வெல்லப்பாகு காய்ச்சிக் கச்சாயம் சுட்டார். வீடெல்லாம் மணம். நான் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"கைய வெச்சீன்னா பாத்துக்க. வீட்டுக்கு வார ஒறம்பரை சாப்பிட்ட பொறகுதான் உனக்கு" என்றார் அம்மா. பிறகு அப்பாவிடம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு, "வந்தவிய பலகாரத்துல கைய வெச்சுட்டாங்கன்னா நம்ம இடம் புடிச்சுப்போச்சுன்னு அர்த்தமுங்க. சாமி புண்ணியத்துல நல்லபடியா நடக்கோணும்" என்றார். என் காதில் முதலில் சொன்னது மட்டும்தான் தங்கியது.

பலகாரத்துக்குப் பக்கத்தில் என்னை விட்டுவைத்தால் ஆபத்து என்று அப்பா ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். மாமா ஓட்டிக் கொடுத்த கோடு போட்ட துணி வந்திருந்தது. வெள்ளையும் நீலமுமாக நெருக்க நெருக்கமான கோடு. மறுநாள் கட்டிங். நான் மேசையில் துணியை இழுத்துக்கொண்டே வந்தேன். திடீரென்று நீலக் கோட்டுக்கு நடுவில் ஒரு ஓட்டை. மிளகளவு. அதன் வழியாக வெளிச்சம் பளீரென்று அடித்தது. விரலை வைத்துப் பார்த்தேன், துணி முழுசாக இருந்தது. விரலை எடுத்தால் ஓட்டை அங்கேயே மினுங்கியது. துணியை இழுத்தேன், ஓட்டை துணியோடு போகவில்லை. நான் எங்கே பார்த்தேனோ அங்கே வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் பெரிதாகி, ஓரமெல்லாம் கருக்கரிவாள் பல் மாதிரி வெட்டு வெட்டாக ஜொலித்தது.

"அப்பா, ஓட்டைங்க!" என்று கத்தினேன். "இங்கீங்க. இங்கயுமுங்க. எல்லாப் பக்கமும் இருக்குதுங்க!"

அப்பாவின் கண்ணாடி பழசு. தன் கண்ணைவிட என் கண்ணை நம்புகிறவர். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றதும் தனக்குத்தான் பார்வை மங்கிவிட்டது என்று முடிவு கட்டினார். உடனே போனை எடுத்து, "மாப்ள, துணி பூராவும் ஓட்டையாக் கெடக்குது. என்ன மிஷின் ஓட்டறே நீ? சின்னப்புள்ள கண்டுபுடிக்கறா, உன்ற ஆளுகளுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று பொரிந்து தள்ளிவிட்டார். மாமா புதுச் சட்டையில் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பைக்கில் பறந்து வந்தார்.

வாசலில் பாய் விரித்துத் துணியை அத்தனை தூரத்துக்கும் உருட்டி விரித்தார்கள். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். ஓட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. தைக்கிற அக்கா ஒருவர் வாயைப் பொத்திச் சிரித்தார். அப்பாவுக்கு மானம் போய்விட்டது. மச்சினனைத் திட்டியதும் வீண், மகளைப் பற்றி அடித்த பெருமையும் வீண்.

"ஏனம்முணி பொய் சொன்னே?"

நான் அண்ணாந்து பார்த்தேன். அப்பாவின் கண்ணாடி இருந்தது, ஒரு காது இருந்தது, மற்றதெல்லாம் இல்லை. அந்த இடத்தில் ஜொலிஜொலிப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா, உங்களுக்குப் பாதி மூஞ்சியக் காணமுங்க" என்றேன். பயத்தில் சொன்னது அது. அப்பாவுக்கோ கொழுப்பாகக் கேட்டது. அடிக்க ஓங்கிய கையை அம்மா வந்து பிடித்துக்கொண்டார்.

அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "தலை வலிக்குதா கண்ணு?" இல்லை என்றேன். "வாந்தி வருதா?" அதுவும் இல்லை. அப்படியானால் ஒன்றும் இல்லை. தலைவலியை உள்ளும் புறமும் அறிந்தவர் எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான். அவரே இல்லை என்ற பிறகு மேல்முறையீடு ஏது? கண்ணு பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் எடுக்க உள்ளே போனார். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது.

வந்தவர்கள் நல்ல மாதிரியான மனிதர்கள். பெண்ணின் அப்பா தோட்டத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார். அம்மா கச்சாயத் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். நான் சுவரோரம் விசும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் அம்மா என்னை அருகே இழுத்து, "ஏஞ்சாமி அழுவறே? என்ன படிக்கறே நீயி?" என்று அன்பாகக் கேட்டார். ஐந்தாவது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. வார்த்தை மனசுக்குள் இருந்தது, வாய்க்கு வரும்போது வேறு என்னமோவாகி உளறலாக விழுந்தது. மறுபடி முயன்றேன், இன்னும் மோசம். வலது கை விரல்கள் மரத்துப்போய் ஊசி குத்தின. அந்தம்மா பதறிப்போய் என் கையை விட்டுவிட்டார்.

"நடிக்காத" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

செத்துப்போகப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. அதைச் சொல்லக்கூட வாய் இல்லை. வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ முறை பயந்திருக்கிறேன், அப்படி ஒரு பயம் வந்ததில்லை.

அப்போது மாமா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. எழுந்து வந்து என் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார்.

"கண்ணு, அந்த ஓட்டை ஓரத்துல ஜிகுஜிகுன்னு மின்னுதா? கண்ண மூடுனாலும் போக மாட்டீங்குதா?"

தலையாட்டினேன்.

"கையில ஊசி குத்துதா? சொல்லோணும்னு நெனைக்கறது ஒண்ணு, வாயில வாரது ஒண்ணா?"

அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. உலகத்தில் ஒருத்தருக்குத் தெரிந்திருக்கிறது! அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"பயப்படாத சாமி. மாமனுக்கும் இப்படித்தான் வரும். சித்த நேரத்துல தானாப் போயிரும். புள்ள பொய் சொல்லலீங்க மச்சான்" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "அன்னிக்குப் பந்தியில நானும் குடிக்கலீங்க. இதேதான். கோயமுத்தூருக்குப் போயி டாக்டருகிட்டக் காட்டுனேன். அக்காளுக்கு வார அதே ஒத்தத் தலைவலிதானாமா. அதுக்கு வலியா வருது, எனக்கு வெளிச்சமா வருது, நாக்குப் பொரண்டுக்குது. புள்ளைக்கு இதுதான் மொதத் தடவை, சும்மா உட்டறக் கூடாது. இப்பவே டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போயிரலாமுங்க."

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது வம்சத்துல வாரதுங்களா?" என்று கேட்டார்.

மாமா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "எங்கக்கா, நானு, இப்ப இவ. அப்படித்தானுங்க தெரியுது" என்றார்.

"செரிங்க. நீங்க மொதல்ல கொழந்தையப் பாருங்க. நாம இன்னொரு நாளைக்குப் பேசிக்கலாமுங்க" என்று சொல்லி அவர்கள் எழுந்துகொண்டார்கள். எனக்காக இவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்களே, எத்தனை நல்லவர்கள் என்று அந்த நிலைமையிலும் நினைத்துக்கொண்டேன்.

அப்பா எங்கள் பழைய காரை எடுத்து ஓட்டினார். வழி நெடுகக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். பல்லடம் போய்ச் சேர்வதற்குள் பார்வை தெளிந்து, வாயும் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், கண்ணில் டார்ச் அடித்தார், எதற்கும் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். மாமா சொன்னதையே அவரும் சொன்னார். அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "அவளுக்குத் தலையே வலிக்கலீங்களே சார்" என்றார்.

"தலை வலிக்காமயே வர்ற தலைவலியும் இருக்குதுங்கம்மா. ஒரே வீட்டுல ஒருத்தருக்கு வலி, ஒருத்தருக்குக் கண்ணு, ஒருத்தருக்கு வயிறு. ஆளுக்கு ஒரு மாதிரி வரும்" என்றார் டாக்டர்.

திரும்பும்போது எனக்கும் லேசாக வலி எட்டிப் பார்த்தது. அம்மா பர்ஸிலிருந்து அந்தக் கறுப்புப் பட்டையை எடுத்தார். என் நெற்றியில் கட்டிவிட்டு, தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அம்மாவின் கோர்ட்டில் என் தலைவலி பாஸாகிவிட்டது.

இப்போது எனக்கு ஒரு மகள். அவளுக்குக் கண்ணும் இல்லை, தலையும் இல்லை, வயிறு. முகம் வெளுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். பள்ளிக்கூடம் போகாமலிருக்கச் சாக்கு என்று நாலு பேர் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. நேராக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவள் வயிற்றுக்கு மருந்து கொடுக்கும்போதெல்லாம் மாமாவின் முகம்தான் நினைவுக்கு வரும். மாமாவுக்குப் பிற்பாடு கல்யாணம் ஆனது. ஆகச் சில வருஷங்கள் ஆயின. அத்தை மகராசி, எங்கள் மூன்று தலைக்கும் சேர்த்து மாத்திரை வாங்கி வைக்கிறவர். குடிகாரன் என்ற பேர் கொஞ்சநாளில் தேய்ந்துவிடும், தலையில் கோளாறு என்ற பேர் தேயாது என்று பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று அத்தையிடம்தான் மாமா முதன்முதலில் சொன்னாராம். பெண் வீட்டார் முன்னால் அன்றைக்கு இன்னும் கொஞ்ச நேரம் அவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்கு எத்தனையோ வருஷம் கழித்துப் புரிந்தது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், வீடு திரும்பியபோது கச்சாயத் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது என்பதுதான். காரில் தூங்கி எழுந்ததில் வலி போய்ப் பசி கிளம்பியிருந்தது. மாமா தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, எனக்கு ஒன்று கொடுத்துவிட்டுத் தானும் ஒன்று எடுத்துக்கொண்டார். அப்பா பக்கத்தில் வந்து நின்று அவர் தோளைத் தொட்டார், அப்புறம் ஷெட்டுப் பக்கம் போய்விட்டார். அம்மா கதவோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தலைவலி வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அம்மா, ஒறம்பரை ஒண்ணுகூடத் தொடலீங்க. பூராவும் நமக்குத்தானுங்க!" என்றேன், அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று.

"ஆமா கண்ணு, பூராவும் நமக்குத்தான்" என்று மாமா இருப்பதிலேயே பெரிய கச்சாயமாகப் பார்த்து எடுத்து என் கையில் வைத்தார்.