தராசில் மிஸ்கீன்

ஓட்டமாவடி மீன் சந்தையில் வியாபாரம் செய்யும் முகைதீன்பாவா, வெள்ளிக்கிழமைகளில் முதலில் நிறுப்பது மீனை அல்ல, தன் பூனை மிஸ்கீனை.

இரண்டு வருடத்துக்கு முன் மிருக வைத்தியர் சொல்லியிருந்தார்: "ரெண்டு கிட்னியும் பழுது. சுகப்படுத்த ஏலாது, வீட்டில வெச்சுப் பாக்கலாம். நிறை மட்டும் இறங்க விடாதீங்க." அன்று மிஸ்கீன் மூன்று கிலோ.

கருவாடு நின்றது. உப்பில்லாமல் அவித்த மீனைச் சோற்றில் பிசைந்து கொடுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள், வாவியில் கிழிந்த வலையைப் பொத்திப் பழகிய கைகளால் கழுத்துத் தோலைத் தூக்கிச் சேலைன் ஏற்றினார்.

"எனக்குப் பிரஷர் எண்டு டொக்டர் சொல்லக்குள்ள உப்பக் குறைச்சீங்களா?" என்று மனைவி றஸீனா கேட்டாள். அன்றிலிருந்து அவள் கறியிலும் உப்புக் குறைந்தது.

போன வெள்ளி நூறு கிராம் இறங்கியிருந்தது. வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. இன்று பன்புல்லில் இழைத்த பைக்குள் மிஸ்கீனை வைத்துத் தராசின் கொக்கியில் தொங்கவிட்டார். பையைக் கழித்தும் மூன்று கிலோ நூறு.

"காக்கா, கிலோ என்ன விலை?" என்று பக்கத்துக் கடை ரிஸ்கான் அண்ணன் முறை வைத்துக் கத்தினான்.

அவர் தராசின் முள் காட்டும் முகத்தைச் சந்தைப் பக்கம் திருப்பினார்.

"நீ உன்ட சூரை மீன ரெண்டு நாளைக்குக் கெடாம வெச்சிக் காட்டுடா. நான் இவன ரெண்டு வரிசமா வெச்சிருக்கன்."