முதல் பிடி மண்

இலங்கையில், குருவிட்ட தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. மரம் நனைந்துவிட்டால் ரப்பர் பால் வெட்ட முடியாது. வேலை இல்லை, கூலியும் இல்லை. அப்படிப்பட்ட காலைகளில் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ஐயாவுவின் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடும். பட்டாளத்துக் கதை கேட்கத்தான்.

ஐயாவு, வெள்ளைக்காரன் துருக்கியோடு போட்ட சண்டையில் பஸ்ராவுக்குப் போய் வந்தவன். சண்டை முடிந்து பத்து வருடமாகியும் அந்தப் பேச்சு அவனை விட்டபாடில்லை. துப்பாக்கியைத் தூக்கினேன், துருக்கிக்காரன் சுருண்டு விழுந்தான் என்று அளந்துவிடுவான். மகன் மாயழகு இன்னும் இரண்டு பேரைச் சுடச் சொல்லுவான். ஐயாவுவும் சுட்டுத் தொலைப்பான். வேறென்ன செய்வது? கங்காணியிடம் ஏச்சு வாங்கியே காலம் தள்ளுகிறவன், பெற்ற பிள்ளைகள் கண்ணில் பெரிய ஆளாக இருந்தது அந்த மழை நேரத்தில் மட்டும்தான்.

உண்மையில் அவன் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. திருச்சிப் பக்கத்திலிருந்து, சாமான் சுமக்கிற கூலிப் பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாள் கப்பலில் சாமான் இறக்கினான். பிறகு செத்தவர்களைப் புதைக்கிற கூட்டத்தில் போட்டுவிட்டார்கள். அதைச் சொன்னால் பிள்ளைகள் தன்னை எப்படிப் பார்க்குமோ என்ற பயம் அவனுக்கு. அந்தப் பயத்தைக் கட்டிக்காப்பதே அவனுக்கு ஒரு வேலையாகிப் போனது. அலுத்தும் போயிருந்தது.

அந்த ஆடி மழையில், அடுத்த காம்பராவில் குடியிருந்த செம்புலியின் மகன் காய்ச்சலில் செத்துப்போனான். மாயழகுவோடு ஒன்றாக விளையாடிய பையன். சாவு வீடென்றால் எட்டவே நிற்கிற ஐயாவுக்கு இந்தத் தடவை ஒதுங்க முடியவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

இடுகாட்டில் அவனே குழிக்குள் இறங்கிப் பிள்ளையைக் கையில் வாங்கி, தெற்கே தலைவைத்துக் கிடத்தினான். மேலே ஏறிய கையோடு குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளே போட்டுவிட்டான். முதல் பிடி மண் பெற்றவன் போடவேண்டியது. சுற்றி நின்றவர்கள் திகைத்துப்போனார்கள். செம்புலி தன் கையில் அள்ளிய மண்ணோடு அப்படியே நின்றான்.

"எம்புள்ளைக்கு நான் உசுரோடதானே இருக்கேன், ஐயாவு?" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. ஐயாவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"தப்புத்தாங்க. பழக்கத்துல கை முந்திருச்சு."

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தான். அவன் பெண்சாதி இன்னும் செம்புலி வீட்டுப் பெண்களோடு இருந்தாள். மாயழகு குழிமேட்டில் நடந்ததை அக்காள் அங்கம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தான்.

"அது என்ன பழக்கம்ப்பா?" என்று கேட்டாள் அவள்.

இன்னொரு பொய் சொல்ல ஐயாவுக்குத் தெம்பு இல்லை.

"நான் அங்க யாரையும் சுடல. செத்தவங்களப் பொதைச்சேன். பாதிப் பேரு எந்த ஊரு, எந்தச் சாமியக் கும்புட்டவங்கன்னே தெரியாது. சொந்தபந்தம்னு ஒருத்தரும் இல்ல. சும்மா மூடிட்டு வர மனசு கேக்கல. அவங்கவங்க அப்பன் போட வேண்டிய மண்ண நானே போட்டேன்."

"துருக்கிக்காரன்?" என்றான் மாயழகு.

"அவனுக்கும் நாந்தான் போட்டேன்."

மாயழகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஐயாவு எதற்குப் பயந்தானோ அது நடந்துவிட்டது.

அங்கம்மா நகர்ந்து கிட்டே வந்தாள். "நீங்க அங்கனயே செத்திருந்தா ஒங்களுக்கு யாருப்பா போட்டிருப்பா?"

பஸ்ராவில் ஒவ்வொரு குழியை மூடும்போதும் அவன் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி அது.

"பக்கத்துல நிக்கிறவன் எவனாவது போட்டிருப்பான்."

"நான் போட்டிருப்பேன்," என்றான் மாயழகு, சுவரைப் பார்த்தபடியே.

அப்போது அவன் பிறக்கவே இல்லை. ஐயாவு அதைச் சொல்லிக் காட்டவில்லை. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் வாய்விட்டு அழுதான்.