ரயில்வே கேட்டில் கண்ட கொக்குகள்

வில்லியனூர் ரயில்வே கேட்டில், ஸ்கூட்டரை அணைக்காமல் காத்திருந்தேன். காலை வெயிலில் கண் சொக்கியது. நாற்று வயல் தண்ணீரில் கொக்குகளோடு நானும் மிதந்துகொண்டிருந்தேன். கை தானாக ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டது. பின்னால் நின்ற மீன்காரம்மா என் வண்டியை இழுத்துப் பிடித்தபோதுதான் விழித்தேன். எதிரே ரயில் தடதடத்தது.

“இன்னாமா, வண்டி மேலயே தூங்குற? ராத்திரில தூங்கலியா?”

நானா தூங்காதவள்? என் குறட்டை தெருவுக்கே கேட்கும். அதை நல்ல தூக்கமென்றே வீட்டில் நம்பியிருந்தோம். அதற்கப்புறம் டாக்டரிடம் போய்ப் பரிசோதித்தபோதுதான், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும், அதனால்தான் பகலில் கண் சொக்குவதும் தெரிந்தது. கீழ்த்தாடை பின்னால் சரியாமலிருக்கப் பல் டாக்டர் ஒரு கிளிப் செய்து கொடுத்தார். தினமும் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன்.

இப்போது கேட் மூடினால் வண்டியை அணைத்துவிடுகிறேன். தண்டவாளத்துக்கு அப்பால் வயலில் நிஜமாகவே கொக்குகள் நிற்கின்றன. இத்தனை வருடம் அந்த வழியில் போயும், விழித்த கண்ணால் இப்போதுதான் பார்க்கிறேன்.