டைவ் பண்ணிய அன்று மலையேறக் கூடாது

1. போன்

கண்டியில் ஒரு சின்ன டிராவல் ஏஜென்சியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி காசிம் ஹாஜியார் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லிக் கொடுத்தார்.

"இங்க பாருங்க புள்ள, ஹோட்டல்காரன் என்ன சென்னாலும் போன நீங்க முதல்ல வெக்கக் கூடாது. அவன் வெக்கட்டும். கடைசி நிமிசத்துலதான் அவன்ட வாயிலருந்து ரூம் வரும்."

தமிழருக்கு எதிரான கலவரத்தில், கண்டி மஹய்யாவயில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் உடைந்து, பலகை அடித்து வைத்திருந்த வருடம் அது. வீட்டுக்குள் பகலிலும் லைட் போட வேண்டும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்து நான் விற்றது வெயிலை. வெள்ளைக்காரர்களுக்குக் கடற்கரை, நீச்சல் தடாகம், டைவிங் என்று நாள் வாரியாகத் திட்டம் போட்டுக் கொடுப்பேன். அந்தக் கடலில் நான் கால் வைத்ததில்லை. அதனால் என்ன? எந்த மாதத்தில் எந்தக் கரைத் தண்ணீர் தெளியும் என்பது எனக்கு மனப்பாடம்.

2. டீச்சர்

சில வருடம் கழித்து, யுத்தம் மும்முரமாக இருந்த ஒரு மார்கழியில் தவமணி டீச்சர் ஆபீசுக்கு வந்தார். கண்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பிப்பவர். தடித்த கண்ணாடி, கஞ்சி போட்ட சேலை, கையில் குடை.

"பிள்ளை, எனக்கு ஒரு கடற்கரை ஹொலிடே போட்டுத் தரவேணும். டைவிங்கும் இருக்கவேணும்."

"வாங்க டீச்சர், ஒக்காருங்க. யாருக்கு, மகனுக்கா?"

"எனக்குத்தான். ஏன், நான் நனைய மாட்டனோ?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இவ்வளவு காலமாப் பவளப்பாறையைப் பற்றிப் படிப்பிச்சுக்கொண்டு வாறன். பாத்ததெல்லாம் புத்தகத்தில இருக்கிற படம். வாற வருசத்தோட பென்சன். பிள்ளையளுக்குக் கடைசிப் பாடம் எடுக்க முந்தி ஒருக்காக் கண்ணால பாக்கவேணும். பருத்தித்துறைக் கடலில நீந்தி வளந்தனான், அங்க இப்ப கால் நனைக்கவும் விடமாட்டாங்கள்."

கிழக்குக் கரையும் அடைத்துக் கிடந்தது. மிச்சம் தெற்குதான். தைப் பிறப்பில் அங்கே தண்ணீர் நன்றாகத் தெளிந்திருக்கும். காலி நகருக்கு இந்தப் பக்கம் நாங்கள் வழக்கமாக ஆள் அனுப்பும் ஹோட்டலுக்கு அப்போதே போன் போட்டேன். மேனேஜர் சிங்களத்தில் குசலம் விசாரித்தார். பேரைக் கேட்டார். சொன்னேன்.

தமிழ்ப் பேர் என்றதும் குரல் மாறியது. "அந்த வாரம் ஃபுல், மிஸ்."

"சரி. அதே வாரத்துக்கு ஒரு ஜெர்மன் ஜோடி கேக்குறாங்க."

"எத்தனை ரூம் வேணும்?"

எனக்கு உச்சி வரைக்கும் சூடேறியது. போனை வைக்கவில்லை. "ஒன்னு போதும். அதுல டீச்சரப் போடுங்க" என்றேன்.

அதற்குப் பிறகுதான் மனிதர் உண்மையைக் கக்கினார். "மிஸ், ரூம் மட்டும்னா பார்க்கலாம். தமிழ் ஆள், டைவிங் வேற. தண்ணிக்கு அடியில போய்க் கப்பலுக்குக் குண்டு வைக்கிறவங்களத் தேடிக்கிட்டு இருக்காங்க. பொலிஸ் என்னத்தானே கேக்கும்?"

மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார் அந்தக் கடற்புலி.

எங்கள் தொழிலில் அலொட்மென்ட் என்று ஒன்று உண்டு. சீசனுக்கு முன்பே ஹோட்டல் சில அறைகளை ஏஜென்சிக்கென்று ஒதுக்கிவிடும். நாங்களாகத் திருப்பிக் கொடுக்கும் வரை அவை எங்கள் அறைகள், யாரைப் போடுவது என்பது எங்கள் பாடு. அதில் ஒன்றில் டீச்சரைப் போட்டுவிட்டதாகச் சொல்லி, அவர் போனை வைக்கும்வரை காத்திருந்தேன். படார் என்று வைத்தார்.

பக்கத்துக் கட்டுகஸ்தோட்டைக்குப் போயிருந்த ஹாஜியார் வந்ததும் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். "பொலிஸ் கரச்சல் வரும் புள்ள. ரூம என்ட பேர்ல போடுங்க. டீச்சர் சும்மா வந்து தங்கிட்டுப் போகட்டும்."

டீச்சர் கதிரையை விட்டு எழுந்தார். "குறை நினையாதேங்கோ ஹாஜியார். கடலை ஒளிச்சுப் பாக்க நான் என்ன களவே எடுத்தனான்? என்ர பேரிலதான் போவன். இல்லாட்டிப் போகேல்லை."

ஹாஜியார் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "அப்ப நீங்களும் கூடப் போங்க புள்ள. ஒங்களுக்குச் சிங்களம் நல்லா ஈக்கிதுதானே. என்ட வேன எடுங்க" என்றார்.

3. கடல்

வழியெல்லாம் செக்பொயின்ட். ஒவ்வொன்றிலும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பிறந்த இடம் பருத்தித்துறை என்பதை அவர்கள் இரண்டு தரம் படிக்கும்வரை நின்றோம். ஹோட்டலுக்குப் போனால் அங்கே முன் ஹாலில் பொலிஸ் இன்ஸ்பெக்டரே உட்கார்ந்திருந்தார்.

"டைவிங் எதுக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பாடம் எடுக்க" என்றார் டீச்சர், அதே சிங்களத்தில்.

"பாடம் எடுக்கக் கடலுக்குள்ள போகணுமா?"

"கள்ளனப் பிடிக்க நீங்க ரோட்டுக்குப் போறதில்லையா?"

இன்ஸ்பெக்டர் எங்கள் பைகளைக் கொட்டிப் பார்த்தார். ஒரு சோடி சப்பாத்தும் சித்தாலேப தைலமும் இருந்தன. கடைசியில், மறுநாள் காலையில் ஒரே ஒரு டைவ், அன்று பொழுது சாயுமுன் கண்டிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிப் போனார்.

டைவிங் இன்ஸ்ட்ரக்டர் நல்ல பையன், சிங்களவர். நீச்சல் தடாகத்தில் மூச்சு விடப் பழக்கி, காலையில் டீச்சரின் முதுகில் காற்று டாங்கியைக் கட்டி, கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். படகில் ஒரு நேவிக்காரனையும் ஏற்றினார்கள். நான் கரையில் நின்று, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

திரும்பி வந்த டீச்சர் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகையும் சிரிப்புமாக என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நான் பிழையாப் படிப்பிச்சிருக்கிறன். போர்ட்டில சிவப்புச் சோக்கால கீறினனான். கீழ போகப் போகச் சிவப்பெல்லாம் நீலமாப் போகுது. மாத்திச் சொல்லவேணும், திரும்பிப் போனவுடன மாத்திச் சொல்லவேணும்!"

பகல் சாப்பாடு முடியுமுன் மேனேஜர் வந்து நின்றார். "வேன் ரெடியா? இன்ஸ்பெக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வெள்ளைக்காரர்களுக்குத் திட்டம் போடும்போது நாங்கள் தவறாமல் பார்க்கும் ஒன்று: டைவ் பண்ணிய அன்று மலைக்கு ஏற்றக் கூடாது. உடம்பில் கரைந்த காற்று, உயரத்துக்குப் போனால் குமிழியாகி ஆளை முடக்கிவிடும். அதனால் கடலுக்கும் கண்டிக்கும் நடுவே எப்போதும் ஒரு நாள் சும்மா இருக்க விடுவோம்.

"கண்டி மலை. இன்னைக்குப் போக ஏலாது" என்றேன். "ஒங்க டைவ் சென்டர் போர்ட்லயே எழுதியிருக்கு, படிங்க."

இன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பையன் தலையை ஆட்டி, "ஆமா, அதுதான் ரூல்" என்றார். மேனேஜர் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். அப்படியானால் கொழும்பில் போய்த் தங்கட்டும் என்றது அந்தக் குரல்.

"தங்கலாம் சார். அங்க தமிழ் ஆள் தங்கப் பொலிஸ் பதிவு கேப்பாங்க. நீங்க பொறுப்புன்னு ஒரு துண்டு எழுதிக் குடுங்க, இப்பவே போறோம்."

நான் போனை வைக்கவில்லை. "நாளன்னைக்குக் காலையில போயிடணும்" என்று சொல்லி அவர்தான் போனை வைத்தார்.

ஒரு சின்ன டைவுக்கு அவ்வளவு கண்டிப்புத் தேவையா என்று கேட்பீர்கள். இருக்கட்டும். எங்கள் தலையில் சுமத்திய விதிகளை எல்லாம் அப்படி யாராவது கேட்டார்களா? மறுநாள் முழுவதும் டீச்சர் கஞ்சி போட்ட சேலையோடு, கடலை ஒட்டி ஆக முன்னால் கிடந்த சாய்வுக் கதிரையில், நல்ல வெயிலில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் போகும்போதும் வரும்போதும் அவரைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் அளவுக்குக் கடலில் இறங்கினேன்.

அடுத்த சீசனில் கண்டியிலிருந்து இன்னொரு தமிழ்க் குடும்பத்துக்கு அதே ஹோட்டலைக் கேட்டேன். பேரைச் சொன்னதும் மேனேஜர் மூச்சை இழுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை, போனையும் வைக்கவில்லை.

"எத்தனை ரூம் வேணும், மிஸ்?" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அறை இல்லை என்பார்கள். போனை நீங்கள் வைக்காதீர்கள்.